சாபிராக்கா கழுவிய நாற்பது மூட்டை

தண்டையார்பேட்டைப் பழைய பிளாஸ்டிக் கடையில் பதினெட்டு வருடம் தரம் பிரித்த சாபிராக்காவை, 2002இல் எங்கள் கல்லூரி ஆய்வுக்கு நான்தான் சேர்த்துவிட்டேன். எர்ணாவூர் பக்கம் கால்வாயில் என்ன பிளாஸ்டிக் எவ்வளவு கிடக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. எல்லாவற்றுக்கும் கரையோரக் குடிசைகள்தான் காரணம், அவற்றை அகற்ற வேண்டும் என்று ஓர் அதிகாரி அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் வீடும் அந்தக் கரையில்தான்.

வலையில் அள்ளியதை நாற்பது மூட்டையாகக் கட்டி, வகை பிரிக்கச் சொல்லி அக்காவின் வாசலில் அடுக்கினோம். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அத்தனையையும் கைப்பம்பில் கழுவிக் காயப்போட்டிருக்கிறார். பாட்டில்களில் ஒரு லேபிள்கூட மிச்சமில்லை. எந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த லேபிள்களைத்தான் நம்பியிருந்தோம்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட!" நான் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது.

"லேபிளோட குட்த்தா கடையில மூஞ்சில வுட்டெறிவாங்கோ. கலீஜா கீதேன்னு கழுவுனேன் யசோதரா." விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப என் வூட்ட நானே இட்ச்சிட்டேனா?"

கத்தியதற்காக எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா அழவில்லை. குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தார். கடையில் வகை கண்டுபிடிக்கிற மாதிரியே சிலதைக் காதருகே கசக்கினார், சிலதை நுனியில் கொளுத்தி மோந்தார். மத்தியானத்துக்குள் நாலு குவியல். அதில் பெரியது, விரல் அகலத்தில் சுருள் சுருளாக பிளாஸ்டிக் நாடா.

"இத்த பாரு. கவர் செய்யறப்ப ஓரத்துல வெட்டிக் கழிக்கிறது. மிஷினு இல்லாம வராது. இதுல எப்பவும் லேபிளே கெடியாது. எங்க வூட்டு பால் கவரும் கீது, இல்லேங்கல. ஆனா இம்மாந்தான்."

எடை போட்டோம். பாதிக்கு மேல் நாடாதான்.

கணக்கை எடுத்துக்கொண்டு அக்காவோடு அதிகாரியிடம் போனோம். அவர் கழுவுற மீனில் நழுவுற மீன். "இதுவும் குடிசையிலிருந்து வந்திருக்கலாமே?" என்றார்.

"அறுவது வூடு கீது சார். எதுல மிஷினு கீதுன்னு நீயே வந்து பாரு."

வம்புக்கு வந்தாரோ, நியாயத்துக்கு வந்தாரோ, வந்துவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்து நுழைந்து நுழைந்து, அறுபதாவது வீட்டு வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே கேட்டார்:

"அப்போ அந்த மெஷின் எங்கேம்மா இருக்குது?"

"வா சார், கவர் கம்பெனிக்கு நடந்தே பூடலாம்" என்று சாபிராக்கா கால்வாய்க் கரையில் மேற்கொண்டு நடந்தார். அதிகாரி பின்னால் போனார்.