டிராயரில் கிடந்த லேபிள்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அங்கே காலையில் பதிவு மேசையில் உட்காருகிறேன். பெயரைக் கணினியில் ஏற்றினால் பக்கத்திலிருக்கும் பிரிண்டர் மையில்லாமல், வெறும் சூட்டிலேயே லேபிளை அச்சடித்துத் தள்ளும். அதை டியூபில் ஒட்டிக் கொடுப்பேன். ரத்தம் எடுப்பது நிலையத்தை நடத்தும் பெண்.

சில நாளாக எழுத்து இரண்டு லேபிளுக்கு நடுவே விழுந்தது. பிரிண்டரைச் சோதிக்கும் மென்பொருளை நானே இறக்கி, லேபிளுக்கு லேபிள் இடைவெளியை அது சரியாக உணரும்படி செய்தேன். "சார் இருந்தா மெக்கானிக்கே வேணாம்" என்றாள் அந்தப் பெண். அந்தப் பெருமையில் கை சும்மா இருக்கவில்லை. அச்சு தடைபட்டால் கடைசி லேபிளை மறுபடி அடிக்கும் வசதி ஒன்று கண்ணில் பட்டது. நல்லதுதானே என்று அதிலும் டிக் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் நல்ல கூட்டம். காவாந்தண்டலத்துக் கர்ப்பிணி ஒருத்தியின் லேபிளோடு ரோல் தீர்ந்தது. அடுத்தவர் பெருநகர் கிராமத்து விவசாயி; அவர் பெயரை ஏற்றினேன். புது ரோலைப் போட்டு மூடியை அழுத்தினேன். ஒரு லேபிள் வந்தது. படிக்காமல் அவர் டியூபில் ஒட்டினேன். பின்னாலேயே இன்னொன்று வந்தது. ரோல் மாற்றியதில் வந்த உபரி என்று கசக்கி டிராயரில் போட்டேன்.

அடுத்த நாள் காலை அவர் வந்து நின்றார். "ஐயா, என் ரிப்போர்ட் இன்னாச்சி? சக்கரை ஏறிக்கினே கீது, டாக்டரு கேக்கறாரு."

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். "இவர் டியூபே மிஷின்ல ஏறல சார். லேபிள் ஒழுங்கா வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன்.

டிராயரைத் திறந்து லேபிளைப் பிரித்தேன். அவர் பெயர். அப்படியென்றால் அவர் டியூபில் நான் ஒட்டியது, மறுபடி அடித்து வந்த கர்ப்பிணியின் லேபிள். அப்போது நான் முதலில் செய்தது, மென்பொருளைத் திறந்து அந்த டிக்கை எடுத்ததுதான்.

பிறகுதான் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டைத் தேடினேன். அவள் பெயரில் இரண்டு டியூப் ஓடியிருந்தது. பின்னால் ஓடியதன் அளவே ரிப்போர்ட்டில் பதிந்திருந்தது. இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை. அந்த ரிப்போர்ட்டை நேற்று மாலையே வாங்கிப் போய்விட்டார்கள். இதை நம்பி யாராவது இன்சுலின் ஊசி போட்டிருந்தால்?

"தப்பு என்னுதும்மா" என்றேன். டிக்கை எடுத்ததையும் சொன்னேன். அவள் விவசாயியை உட்காரச் சொல்லிவிட்டு, கர்ப்பிணியின் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

"வண்டில ஏறுங்க சார்."

எதிரே வந்த ஆம்புலன்ஸ் ஒன்று தாண்டிப் போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

காவாந்தண்டலத்தில் கர்ப்பிணியின் மாமியார் கதவைத் திறந்தாள். "ஊசியா? இன்னும் இல்லம்மா. மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கர்ப்பிணி பாயில் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. "நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து வெறும் தண்ணிதான். சோறு துன்னா கொயந்தைக்கு ஆவாதுன்னு நானே நிறுத்திட்டேன்."

அது வேறு ஒருவருடைய ரத்தம், மாற்றி ஒட்டியவன் நான் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அப்போ சோறு துன்லாமா?"

நிலையத்துப் பெண் அவள் விரலில் குத்திக் கையடக்க மிஷினில் ஒரு சொட்டு வைத்தாள். அளவைப் பார்த்ததும், "மொதல்ல சாப்புடும்மா" என்றாள். மாமியார் உள்ளே போய்த் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கப் பயமாக இருந்தது.