அப்பா எழுந்துவிடுவார்

சண்டைப் படங்களில் கதாநாயகன் உதைத்ததும் மாடிப்படியில் உருண்டு விழுவாரே ஓர் ஆள், அவர்தான் இவர். முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் 'உருளை'. படிக்கட்டைக் கண்டால் இவருக்குச் சம்பளமே மறந்துபோகும் என்று சண்டை மாஸ்டர் கிண்டல் செய்வார்.

மகளுக்கு நாலு வயதிருக்கும்போது, அப்பா அடிபட்டு விழுவதை டிவியில் பார்த்துவிட்டாள். வீடே இரண்டுபடும்படி அழுதாள். எத்தனை சமாதானம் சொல்லியும் அடங்கவில்லை. கடைசியில் அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். அவள் ஒரு விரலால் தொட்டால் போதும். கட்டிலிலிருந்து தொப்பென்று விழுந்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்துக் கிடப்பார். அவள் எழுந்திருக்கச் சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுவார். குழந்தையின் பயம் போயிற்று. மேலெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும் நாட்களில் அவர் வீட்டிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டார். மனைவி கதவைச் சாத்திவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். மகள் காதில் ஒரு முனகல்கூட விழுந்ததில்லை.

அவளுக்கு ஏழு வயதானபோது, சைக்கிளை யார் ஓட்டுவது என்று கீழ்வீட்டுப் பையனோடு சண்டை. கோபத்தில் மாடிப்படியில் வைத்து அவனைத் தள்ளிவிட்டாள். கடைசிப் படிவரை உருண்டான். ஆட்கள் ஓடிவந்தபோது அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. நடிச்சது போதும்."

பையனுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி நேராக நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

குடியிருப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ட படத்தையும் பார்த்தால் பிள்ளைகள் இப்படித்தான் ஆகும் என்றார்கள் சிலர். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவதே அந்தச் சண்டைதானே என்று குத்திக்காட்டினார்கள் வேறு சிலர். படத்தின் மேல் பழியைப் போட்டிருந்தால் அவருக்கும் பாரம் குறைந்திருக்கும். மனசு ஒப்பவில்லை. படத்தைப் பார்த்தபோது அவள் சரியாகத்தான் அழுதாள். அந்த அழுகையைச் சிரிப்பாக மாற்றியது யார்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனின் அம்மா அவரைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உங்க தொழிலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலண்ணா," என்றாள். "விழுந்தா வலிக்கும்னு புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: அவன் எப்போது எழுந்திருப்பான்? அவர் சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பிக் காட்டினார். தோளிலிருந்து இடுப்புவரை கன்றிக் கறுத்திருந்தது. அவள் விரலால் தொட்டாள். அவர் அடக்கிக்கொள்ளவில்லை, வாய்விட்டு முனகினார். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஏன்பா சிரிச்ச?"

நீ பயப்படாமல் இருக்கத்தான் என்று சொல்ல நினைத்தார். கழற்றிய சட்டையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

வேறு தொழில் தெரியாததால் இப்போதும் விழத்தான் போகிறார். காலையில் அவர் செருப்பை மாட்டும்போது மகள் வாசலுக்கு வந்துவிடுவாள். இன்றைக்கும் விழுவாயா என்பாள். வலிக்குமா என்பாள். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். கீழ்வீட்டு வாசலைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார். மேலே அவள் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பாள்.