பூக் கேட்டு மறைத்தது

இதை எழுத வேண்டும் என்று உட்காருவேன். இரண்டு வரி எழுதியதும் முகம் கூசும், எழுந்து போய்விடுவேன். சில வருடங்கள் இப்படியே போய்விட்டன. நான் எட்டாவது வரை படித்தவன். சங்ககிரியில் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் கடை திறந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டியில் என்னைச் செயலாளராகப் போட்டார்கள்.

ஒரு பண்டிகையில் அன்னதானம் சாப்பிட்ட பலருக்கு அன்று மாலையே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன. அம்மன் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எல்லோரும் தேறி வந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் கமிட்டித் தலைவரும் நானும் கோயில் தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தோம். தொட்டி மூடி மழைக்காலத்திலேயே உடைந்திருந்தது. பண்டிகை முடியட்டும், மாற்றலாம் என்று விட்டிருந்தோம். உள்ளே ஒரு புறா செத்து ஊறி மிதந்தது. குடிக்கக் கொடுத்ததும் மோர் கலந்ததும் அந்தத் தண்ணீரில்தான்.

தலைவர் கீழே யாரும் இல்லையே என்று பார்த்தார். "தொட்டியக் கழுவி உட்டுப்போடலாமுங்க. கோயில் பேரு கெட்டுப்போயிரும்" என்றார். நானும் வாளியை எடுத்தேன்.

என் தம்பி மகள் கோயம்புத்தூரில் மக்கள் தொடர்பு வேலை செய்கிறாள். கம்பெனிகளுக்கு ஏதாவது கெட்ட பேர் வந்தால் யார் பேசுவது, என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. நல்லதாக நாலு வார்த்தை எழுதி வாங்கலாம் என்று அவளுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, எதனால வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியலியே சாமி" என்றேன்.

"தெரியலைன்னா, விசாரிச்சிட்டிருக்கோம், தெரிஞ்சதும் நாங்களே சொல்றோம்னு சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் மட்டும் பேசுங்க. படுத்தவங்க ஊட்டுக்கெல்லாம் நேர்ல போயிட்டு வாங்க. எதா இருந்தாலும் இன்னைக்கே சொல்லிருங்க. நீங்க சொல்லாம உட்டா, ஊரு அதுக்கொரு ஆளைப் புடிச்சு உக்கார வெச்சிருமுங்க."

அவள் சொன்னபடியே ஊர் ஆளைப் பிடித்தது. சமையல்காரரைத்தான். சுத்துவட்டாரத்தில் பல கல்யாணங்களுக்குச் சமைத்தவர். கோயிலுக்குக் கூலி வாங்காமல் சமைப்பார். முந்தின நாள் சாதத்தைப் போட்டுவிட்டார் என்று ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு கிளம்பியது. அடுத்த நாள் ஊர்ப் பேச்சில் கெட்டுப்போன பருப்பும் சேர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அவர் குடித்துவிட்டுச் சமைத்தார் என்று ஆனது. அவர் வெற்றிலைகூடப் போடாதவர்.

எனக்கு மனசு ஆடியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். "ஆத்தாளையே கேட்டுப்போடலாமுங்க" என்றார் அவர். எங்கள் பக்கம் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன் வைப்போம், பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தொட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று மனசுக்குள் கேட்டோம். சிவப்பு வந்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரமே சமையல்காரரும் அவர் சம்சாரமும் என் வீட்டுக்கு வந்தார்கள். பேசி வைத்திருந்த கல்யாணங்களில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

"ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்குமுங்க. நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும்" என்றார் அவர்.

"ஆத்தா பாத்துக்குவா" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்த அம்மாதான் வாசல்படி இறங்கும்போது திரும்பி, "ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. ஊருக்குத்தானுங்களே தெரியல" என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் தம்பி மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். புறாவைச் சொன்னேன், பூவையும் சொன்னேன்.

"கம்பெனிக்காரங்களும் எங்ககிட்ட மறைப்பாங்க பெரியப்பா. ஆனா அவங்க வக்கீலக் கேட்டுட்டு மறைப்பாங்க. நீங்க சாமியக் கேட்டுட்டு மறைச்சிருக்கீங்க."

அன்றைக்கு அவள்தான் வாசகம் சொல்லிக்கொடுத்தாள். 'எதிர்பாராத காரணத்தால்' என்று நான் ஆரம்பித்ததை விடவில்லை. "மூடி ஒடஞ்சது தெரியும்தானுங்களே? அப்ப எப்படி எதிர்பாராததாகும்?" என்றாள். சமையல்காரர் மேல் தப்பில்லை என்பதை முதலில் சொல்லச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தேன். எழுதியதைப் படித்துவிட்டு, பூக் கேட்டதையும் சொன்னேன். தலைவர் எழுந்து போய்விட்டார். பூசாரிக்கு அதுவரை நாங்கள் எதற்குப் பூக் கேட்டோம் என்று தெரியாது. "தெரிஞ்ச சங்கதியப் போயி ஏனுங்க ஆத்தாளக் கேட்டீங்க? அவளுக்கு வேற வேலையில்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்தது நியாயம்தான்.

எனக்குப் பெரிய வெட்கம் அதற்குப் பிறகு வந்தது. கோயில் பேர் கெடவே இல்லை. 'தப்பை ஒத்துக்கொண்ட கமிட்டி' என்று ஊர் மெச்சியது. யாரோ ஒருவர் புதுத் தொட்டி வாங்கி வைத்தார். அடுத்த அன்னதானத்துக்குக் கூட்டம் குறையவில்லை. என்னைப் பார்த்து, "உங்களாட்டம் மனுசன் உண்டுங்களா" என்றுகூடச் சொன்னார்கள். தம்பி மகள் சொல்லிக்கொடுத்த வழி கோயிலைக் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. சமையல்காரருக்கு மட்டும் அது எட்டவில்லை. நான் மைக்கில் பேசியது எங்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. அந்தக் குரல் பதிவு ஆத்தூர் வரைக்கும் போயிருந்தது. அவர் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கேன்டீனில், வேறொருவர் கையின் கீழ் காய் நறுக்குகிறார். போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக எதையும் குறைக்க வேண்டாம், நன்றாயிருக்கும் என்று எதையும் கூட்டவும் வேண்டாம். கெட்டது தொட்டித் தண்ணீர். தெரிந்தும் மறைத்தது கமிட்டி. சமைத்தவர் சுத்தமாகச் சமைத்தார். அந்தப் பதிவு போன இடமெல்லாம் இதுவும் போகட்டும், இப்படியே போகட்டும்.