தெரணியகலைக் கரும்பலகையில் என் பெயரும் 210 கிராமும்

எங்கள் கொன்வென்ட் பழைய மாணவிகள் சங்கத்தில், பாடசாலைக் குப்பையைக் குறைக்கும் திட்டம் மூன்று வருடமாக என் கையில் இருந்தது. மூன்று நிறத் தொட்டிகள், மும்மொழிச் சுவரொட்டிகள், அவற்றில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. குப்பை மட்டும் குறையவில்லை. போன மாதக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து, "பரமேஸ்வரியிடம் கொடுத்துப் பார்ப்போமே" என்றாள். பரமேஸ்வரி ஒரு காலத்தில் கொன்வென்டில் என் பக்கத்து வகுப்பில் படிப்பித்தவள். இப்போது தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபர்; அங்கே குப்பையே இல்லை என்று பேச்சு. சனிக்கிழமை முடிவெடுப்பதாக இருந்தது. குறை கண்டுபிடிக்கவே வியாழக்கிழமை புறப்பட்டேன்.

இரத்தினபுரியில் காலை 6.10க்கு பஸ். குருவிட்ட வரை நின்றேன், பிறகு இடம் கிடைத்தது. 7.50க்கு அவிசாவளை. அங்கிருந்து தெஹியோவிட்ட வழியாகத் தெரணியகலைக்கு ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பஸ்ஸுக்கும் 340 ரூபாய். மேலே ஐந்து கிலோமீட்டருக்கு முச்சக்கரவண்டி 700 ரூபாய்.

"அந்த ஸ்கூலுக்கா அம்மா?" என்றார் சாரதி. "கையில குப்பை கிப்பை இருந்தா இங்கயே போட்டுட்டுப் போங்க. அங்க மாட்டிக்குவீங்க."

குப்பையோடு திரிபவள் நானில்லை என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லிட்டுப் போறாங்க."

வகுப்புகளில் ஒரு பல்பும் எரியவில்லை. ஒவ்வொரு கூரையிலும் ஒரு தகட்டை எடுத்துவிட்டு, வெளிச்சம் புகும் தகடு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுவிட்சின் கீழும் அதற்குப் பொறுப்பான பிள்ளையின் பெயர். ஜன்னல் விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தேன். தூசிகூட இல்லை. எரிச்சலோடு அதிபர் அறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். பாதிதான் இறங்கியது.

1.15க்கு மணி அடித்தது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் பெயரோடு கிலோவைக் கூவுவார்கள் அல்லவா, அதே மாதிரி. தோட்டம் கொடுத்த தராசில் வகுப்பு வகுப்பாகக் குப்பைப் பையை வைக்க, ஒரு சிறுமி கூவிக் கூவிக் கரும்பலகையில் எழுதினாள்: "நாலாம் வகுப்பு, முந்நூத்தி இருவது கிராம்!" ஆகக் குறைந்த வகுப்புக்குக் கைதட்டல்.

"மொத வாரம் என்னா நடந்துச்சு தெரியுமா மிஸ்?" பரமேஸ்வரி சிரித்தாள். "தராசுன்னா கூட நிறுத்தாத்தானே இங்க மரியாதை? புள்ளைங்க லயத்து வீடுங்கள்ல இருந்த குப்பையெல்லாம் அள்ளிட்டு வந்துடுச்சுங்க. ஒருத்தன் ஆட்டோ டயரையே உருட்டிட்டு வந்தான்!"

"ஏசினாயா?"

"ஏன் ஏசணும்? வெள்ளிக்கிழமை வீட்டுக் குப்பை, கூட இருந்தா ஜெயிப்பு. மத்த நாள் ஸ்கூல் குப்பை, கொறைஞ்சா ஜெயிப்பு. லயமும் சுத்தமாயிருச்சு."

நானாக இருந்தால் அந்த டயரைப் பார்த்து ஒரு மணி நேரம் ஏசியிருப்பேன். வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமில்லை.

அதற்குள் அந்தச் சிறுமி அதிபர் அறைக் கூடையோடு வந்தாள். நான் சோறு பிரித்த லஞ்ச் ஷீட், யோகட் கப், மீதிச் சோறு. "மிஸ், இத யாரு பேருல போடுறது?"

நானே என் பெயரைச் சொன்னேன். சிறுமி அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "விருந்தாளி, எரநூத்திப் பத்து!" என்று மலைக்கே கேட்கக் கூவினாள். யாரும் தட்டவில்லை.

சனிக்கிழமை, பொறுப்பைப் பரமேஸ்வரிக்குக் கொடுங்கள் என்று நானே சொன்னேன். மனதாரச் சொன்னேன் என்றால் பொய். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: எங்கள் கொன்வென்டில் தராசு வந்தால் நிறையைக் கூவுவது நான்.

தெரணியகலைக்குப் போகிறவர்கள் 1.15க்கு முன் போய்ச் சேருங்கள். குடை அவசியம். சோற்றை டப்பாவில் கொண்டு போய், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிடுங்கள். விருந்தாளிகளின் பெயரை அவர்கள் கரும்பலகையிலிருந்து அழிப்பதில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.