வீங்கட்டும் என்று காத்திருந்தோம்

அம்மாவின் கன்னம் வீங்கிய காலையில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதும்போதே கூசுகிறது.

அம்மா கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறேன். கடைவாய்ப் பல் வலியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டை இருந்தால் போதும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

டாக்டரம்மா நல்லவர். வேரைச் சுத்தம் செய்து அடைத்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் அதற்கு அட்டையில் பணம் வராது என்றார். "எப்ப தருவாங்க தெரியுமா? சீழ் தாடைக்கு எறங்கி, பெட்டுல சேத்து அறுத்தாதான் தருவாங்க. இன்னா சட்டமோ போங்க!" சீழ் பரவாமல் இருக்க மாத்திரை கொடுத்து, பணம் புரட்டிக்கொண்டு சீக்கிரம் வரச் சொன்னார்.

அவர் அலுத்துக்கொண்டதை நாங்கள் யோசனையாக எடுத்துக்கொண்டோம். பஸ்ஸிலேயே அம்மா கேட்டாள்.

"ஏண்டி, மாத்திர போட்டா வீக்கம் வராதுல்ல?"

"வராதும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு அதப் போட்டுக்கினு?"

"வேணாம், வுடு" என்றேன். உப்புத்தண்ணீர் கொப்பளிக்கவும் விடவில்லை. தினமும் எழுந்ததும் அவள் தாடையைத் தொட்டுப் பார்ப்பேன். இன்னும் வீங்கவில்லையே என்று சலித்துக்கொள்வேன். பாவி நான்.

வீங்கியது. எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் கொதித்தது. டாக்டரம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "மாத்திர போட்டீங்களா?" என்றார். நான் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மாதான் குழறிக்கொண்டே, "இப்ப அட்டையில எழுதிக்குவீங்களாங்க?" என்று கேட்டாள்.

"எழுதிக்கலாம்மா" என்றவர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்று நர்ஸ் திட்டித் தீர்த்தார்.

தாடைக்குக் கீழே அறுத்துச் சீழ் எடுத்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். எல்லாம் அட்டையிலேயே முடிந்தது.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் கால் முறிந்து கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மனைவிக்கும் பல்வலி. கன்னத்தைப் பிடித்தபடியே, "பல்லுக்கெல்லாமா அட்டையில பாக்குறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"எம் பொண்ணு வெவரமானவ" என்றாள் அம்மா, கட்டுப் போட்ட தாடையோடு. "மாத்திரய நிறுத்தி, வீங்க வச்சி இட்டாந்தா." அவள் குரலில் அவ்வளவு பெருமை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து பல்லுக்குக் கொடுத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். "அப்ப நானும் போடாம இருந்துடட்டுமா, பாப்பா?"

"ஐயோ, போடுங்கக்கா! உசுருக்கே ஆபத்து."

"போட்டுட்டா, பல்லுக்கு யாரு பாப்பா குடுப்பாங்க?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அம்மாவின் போர்வையை இழுத்து விட்டேன். அந்தப் பெண் மாத்திரையை மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.