சித்தப்பாவின் பெட்டிப் படம்

ஏழாம் வகுப்பு விடுமுறையில் எனக்குக் கேமரா பைத்தியம் பிடித்தது. குமுளியில் வேலை பார்த்த அண்ணன் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி, சலித்துப்போய் வீட்டில் போட்டிருந்தான். அதன் திருகை 'ஏ' என்ற எழுத்தில் வைத்துவிட்டு, லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மட்டும் ஓர் எண்ணில் நாம் சொன்னால் போதும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். எண்ணைக் குறைக்கக் குறைக்க லென்ஸ் அகலத் திறக்கும், வெளிச்சம் கூடும், குறிவைத்தது மட்டும் தெளிவாக நிற்க மற்றதெல்லாம் கரைந்துவிடும். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஒரே கொத்தை நாற்பது தடவை எடுத்து நானாகவே கண்டுபிடித்தேன். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா!

அந்த மாதமே பக்கத்து வீட்டில் இருந்த சித்தப்பா செத்துப்போனார். காலையில் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவேயில்லை. எங்கள் ராயப்பன்பட்டியில் சவப்பெட்டியை மாதா கோயிலுக்குத் தூக்குமுன் சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அது சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்படும். ஸ்டுடியோக்காரர் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"ஏலே, அங்கன ஒண்ணு கேமராவும் கையுமா அலையுதுல்ல, அதக் கூப்புடு" என்றார் பெரியப்பா.

சித்தி முக்காட்டைக் கண்வரை இழுத்து விட்டிருந்தாள். "அத எடும்மா. வெளியூர்ல இருக்கவுக பாக்க வேணாமா?" என்று பெரியப்பா அதட்டினார். முக்காடு இறங்கியது. இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்த அம்மா, "அழுது அழுது வீங்கிருச்சு. நீ சோலியப் பாரு" என்றாள்.

சித்தி என் பக்கம் குனிந்து, "ஆத்தா, என்னய விட்டுட்டு எடேன்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தாலியறுத்தவளை விட்டுவிட்டு எடுக்க எந்தப் பெரிய மனுசன் விடுவான்? பெட்டிக்குப் பின்னால் நட்டநடுவில் அவளை நிறுத்தினார்கள்.

பந்தலுக்குள் வெளிச்சமே இல்லை. எண்ணைக் கூட்டி வைத்து எடுத்த முதல் படம் கை ஆடிக் கெட்டுப்போனது. ஒன்று புள்ளி எட்டுக்கு இறக்கினேன். செத்தவருக்கான படம்தானே என்று சித்தப்பாவின் முகத்தில் குறிவைத்து அழுத்தினேன்.

படம் பிரிண்ட் போட்டு வந்தது. சித்தப்பாவின் மூக்கில் வைத்த பஞ்சுகூடத் தெளிவாக இருந்தது. பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆவிக்குள் நிற்பவர்கள் மாதிரி கலங்கியிருந்தார்கள். "ஒரு மூஞ்சி தெரியுதா, மூதேவி?" என்று அப்பா கன்னத்தில் அறைந்தார். கேமரா பரணுக்குப் போனது.

சித்தி மட்டும் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அதில் கலங்கிக் கிடந்த தன் முகத்தை விரலால் தடவினாள். "நல்லாத்தேன் எடுத்துருக்க ஆத்தா" என்று என் நெற்றியில் முத்தமிட்டாள். அதையே சட்டம் போட்டு மாட்டவும் செய்தாள். எங்கள் குடும்பத்தில் கேமரா அருமை தெரிந்தவள் சித்தி ஒருத்திதான் என்று ஒரு வருசம் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அழுது வீங்கினால் இரண்டு கண்ணும்தான் வீங்கும். சித்திக்கு ஒன்றுதான் வீங்கியிருந்தது. சித்தப்பா சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் அவள் அலறியது எனக்கும் கேட்டது. அப்பா எழுந்துபோய் எங்கள் ஜன்னலைச் சாத்தியதையும் பார்த்தேன். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.