ஆழ்கடலுக்கு நான் அனுப்பிய கட்டுரை

விழிஞ்ஞத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு, செல்போன் எட்டாத இடத்தில் செயற்கைக்கோள்தான் துணை. அதன் வழியே தமிழில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புவது திருவனந்தபுரம் அலுவலகத்தில் என் வேலை.

அன்று புயல் வரும் என்று தகவல் வந்தது. குளச்சல்காரர் சேவியரும் அவர் ஆட்களும் மட்டும் இன்னும் கடலில் இருந்தார்கள். நான் எதையும் முறையாக எழுதுகிறவன். காற்றழுத்தத் தாழ்வு எங்கே உருவானது, எத்திசையில் நகர்கிறது என்று தொடங்கி, கரை திரும்பும் அறிவுரையைக் கடைசியில் வைத்தேன். நீளம் அதிகம் என்று கருவி அதைத் துண்டு துண்டாக்கி அனுப்பியது. ஒவ்வொன்றும் விண்ணுக்கு ஏறிக் கடலுக்கு இறங்க நேரம் பிடித்தது.

பாதியில் பதில் வந்தது: "சாரே, வரணுமா வேண்டாமா? அதச் சொல்லும்."

மீதியை நிறுத்திவிட்டு, "வா" என்று மட்டும் அனுப்பினேன். மூத்தவர் ஒருவரை நான் ஒருமையில் அழைத்தது அதுவே முதல் முறை.

மாலையில் கரையேறியதும் சேவியர் போன் செய்தார். "முதல்ல வந்ததெல்லாம் ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம்னு நெனச்சேன் சாரே. அப்புறம் வீட்டுக்காரி விளிச்ச மாதிரி ஒரு 'வா' வந்துது பாரும், உடனே படகத் திருப்பிட்டேன்."

தினமும் டைரியில் ஒரு பக்கம் நிறைப்பது என் வழக்கம். அன்றைய பக்கத்தில் "வந்துவிட்டார்கள்" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை.